ஜிஜோ பெயரில் போன திருத்தம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே ஷைனா அக்காவிடமிருந்து வரிசையாக வாட்ஸப், எங்கள் மென்பொருளைப் பற்றிச் சந்தேகம் கேட்டு. ஊர் வாயனசாலைகளில், அதாவது நூலகங்களில், புத்தகம் கொடுத்து வாங்க நாங்கள் சிலபேர் சேர்ந்து இலவசமாக எழுதும் மென்பொருள் இது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே சந்தேகமும் கேட்கலாம். அங்கே கேளுங்கக்கா என்றால், “வேண்டாம் மக்கா, கண்டவனெல்லாம் வாசிப்பான். நாணக்கேடாக்கும்” என்கிறாள்.

பி.சி.ஏ. படித்துவிட்டு, கல்யாணமாகி பூவாருக்குப் போனவள் கம்ப்யூட்டர் கோடு எழுதியே பல வருஷம். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி இப்படி இடையில் விட்ட பெண்களை வேலைக்கு எடுக்கிறதாம். பொதுவில் செய்த வேலையைக் காட்ட வேண்டும். மாதக் கடைசியில் இன்டர்வியூ. எனக்குப் பொறுமை எப்போது இருந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு பதில் போட்டேன்.

ஜூன் 6

மழை. அக்கா தடவிக்கொண்டிருக்கும் திருத்தத்தை நான் என்றால் சட்டென்று எழுதிவிடுவேன். அவளே செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூன் 11, புதன்

முடித்துவிட்டாள்! புத்தகம் திருப்பும் நாள் விடுமுறையில் விழுந்தால் இனி மறுநாளுக்குத் தள்ளிப்போகும். வரிவரியாகப் பார்த்துவிட்டு நான்தான் மென்பொருளில் சேர்த்தேன். போனில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “எனக்க கோடா மக்கா? எல்லாரும் உபயோகிப்பாவளா?”

ஜூன் 12

ஜிஜோ அண்ணன் கூப்பிட்டார். அக்காவின் கணவர், பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். “பிரியா, எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு. படகுல இருந்த வெள்ளக்கார சாயிப்புட்ட வாசிக்கச் சொன்னேன். கோடு எழுதுனதுக்கு நன்றியாம். நான் என்னத்த எழுதுனேன்?”

போய்ப் பார்த்தேன். திருத்தத்தின் மேல் ஜிஜோ என்று இருக்கிறது. அக்காவைக் கேட்டால், “பேரு கேட்டுச்சு மக்கா. லேப்டாப்பு அவருக்க பேருல வாங்குனதுல்லா? அவருக்க பேரையும் மெயிலையும் குடுத்தேன். கேஸு, கரண்டு, எல்லாத்துலயும் அப்பிடித்தானே?”

அட கஷ்டமே. அவளைச் சொல்லி என்ன? ஒவ்வொரு கமாவையும் பார்த்த நான் பெயரைப் பார்த்தேனா? இன்டர்வியூவில் எதைக் காட்டுவாள்?

ஜூன் 13

பழைய பதிவையே மாற்றி எழுத எனக்கு அனுமதி உண்டு. மாற்றினால் மற்றவர்களிடம் இருக்கும் பிரதிகள் குழம்பும். சத்தமில்லாமல் செய்துவிடட்டுமா என்று அக்காவிடமே கேட்டேன்.

“மத்தவங்களுக்க வேலை கெடும்லா?”

“கெடும்.”

“அப்ப வேண்டாம்.”

வேறு வழி ஒன்று உண்டு — இந்தப் பெயரில் வந்தது உண்மையில் இன்னாருடையது என்று குறித்துவைக்கும் ஒரு சின்னக் கோப்பு. அதை அவளே எழுதி, காரணத்தையும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னேன். “எல்லாரும் வாசிப்பாவளே மக்கா” என்றாள். போனில் அவளுக்குப் பின்னாலிருந்து ஜிஜோ அண்ணனின் குரல்: “ஒரே வீடுதானே, யாரு பேரா இருந்தா என்ன?”

“இன்டர்வியூக்கு நீங்க போறியளா?” என்றாள். எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு.

ஜூன் 15

ஒன்றும் வரவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

எழுதிவிட்டாள். பொதுவில்! ‘இதைச் செய்தது நான். லேப்டாப் என் கணவருடையது. பெயர் கேட்டபோது அவர் பெயரைக் கொடுத்துவிட்டேன். இனி என் பெயரில் வரும்.’ நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. இந்தத் தடவை பெயரையும் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்டர்வியூ முடிந்து வரும் வழியில் உதியன்குளங்கரையில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் திருத்தம் ஏன் வேறு பெயரில் என்று கேட்டார்களாம். “உள்ளத உள்ளபடி சொன்னேன். ஒரு பொம்பள சிரிச்சா, ஒருத்தன் சிரிக்கல்ல. கிடைக்குமான்னு தெரியாது.” சாயாவைக் குடித்துவிட்டு, வாயனசாலைக் கோடில் அடுத்த வேலை என்ன என்று கேட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானம் ஜிஜோ அண்ணன் போன். குரலில் ஒரே துள்ளல்.

“பிரியா, அவளுக்கு அந்தக் கம்பெனியில இருந்து ஒரு மெயில் வந்திருக்கு. அவளுக்க மெயிலுக்காக்கும். நான் ஒன்னட்ட சொல்லப்பிடாதாம், அவளே சொல்லுவாளாம். நான் ஒண்ணும் சொல்லல்ல, கேட்டியா?”

வைத்துவிட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அக்கா கூப்பிடட்டும் என்று.