பரோனின் தோள் எழும்பியதா?

அன்புள்ள பரம் அத்தானுக்கு,

அங்கே சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. சுகமில்லாவிட்டால் இதற்குள் நீங்கள் ஒரு விடர்ஷ்ப்ருக் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். இந்த ஜெர்மனியில் எந்த அலுவலகம் என்ன முடிவு சொன்னாலும் "இதை ஏற்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுக்கிற அந்த ஆட்சேப மனுவில்தானே உங்கள் பாதி ஆயுள் போனது. மேலே இருப்பவர்கள் பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் போய் ஒரு வருஷம் நிறைந்த ஆட்டைத் திவசம். எசனில் அதே நாலாம் மாடி வீடு, அதே பழுதான லிப்ட். ஐயர் மூச்சு வாங்க ஏறி வந்து, மந்திரம் தொடங்க முன்னம் தண்ணீர் கேட்டார். மலர் அக்கா படையலில் உங்களுக்கு விருப்பமானதெல்லாம் வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு, உழுந்து வடை, பாயாசம், அவற்றோடு ஒரு தட்டுப் பொம்மஸ். உருளைக்கிழங்குப் பொரியல் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிற வெள்ளையில் முட்டை சேருமோ என்று ஐயர் கேட்டார். "இல்லை ஐயா, அது தயிர் மாதிரி" என்றார் அக்கா. மயோனேஸைப் பற்றி இப்படி ஒரு பொய்யை முகம் மாறாமல் அக்காவால்தான் சொல்ல முடியும்.

இதெல்லாம் கேட்க உங்களுக்குப் பொறுமை இராது. "அதை விடடா, தியாகு வந்தவனோ?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களுக்குப் பரோனையும் தெரியாது, கும்பெலையும் தெரியாது. ஆகையால் ஆதியிலிருந்து வருகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பெர்லினைக் கடந்து, எசனில் ஒரு அகதி விடுதியில் வந்து ஒதுங்கிய காலம். நீங்கள், உங்கள் உயிர்ச் சினேகிதன் தியாகு அண்ணை, உங்கள் பெண்சாதியின் தம்பியாகிய நான், மூவருக்கும் ஒரே அறை. விடுதிக்கு உதவி செய்ய வரும் ஒரு ஜெர்மன் அம்மையார் எங்களுக்கு மூன்று டிக்கெட் கொண்டு வந்து தந்தார். ஏதோ சங்கீதக் கச்சேரி என்று நினைத்து நீங்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டீர்கள். போய்ப் பார்த்தால் கெட்ச். இவர்கள் ஊரில் தொழில்முறை மல்யுத்தத்துக்கு அதுதான் பெயர்.

அன்று இறுதிப் போட்டி. ஒரு பக்கம் கும்பெல். சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தொப்பியோடு வருகிற, எசன் சனம் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆள். மற்றப் பக்கம் பரோன். ஒற்றைக் கண்ணாடியும் கறுப்புச் சால்வையுமாக, சனத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு வருவார். இரண்டு பேரும் பல வருஷமாக இந்தப் பகுதியில் ஊர் ஊராக மோதிக்கொண்ட பரம எதிரிகள். கும்பெல் என்றால் சுரங்கத்தில் கூட வேலை செய்கிற தோழன் என்று அம்மையார் விளக்கம் சொல்லி அனுப்பியிருந்தார். நீங்கள் கேட்டால்தானே? "பேரே கும்பல். தனியாளா வந்து அடிபடுவானோ? பின்னால பத்துப் பேர் நிப்பாங்கள்" என்று முதல் மணி அடிக்க முன்னமே பரோன் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்.

அதற்குள் ஒலிபெருக்கியில் ரிங்ரிக்டர் வருகிறார் என்று அறிவித்தார்கள். மல்யுத்த மத்தியஸ்தரை அப்படித்தான் சொல்வார்கள். ரிக்டர் என்றால் நீதிபதி. அடுத்த வாரம் உங்கள் அசூல் வழக்கு, அதாவது அகதித் தஞ்சம் கேட்ட வழக்கு, நீதிமன்றத்துக்கு வர இருந்தது. ரிக்டர் உள்ளே வரும்போது கட்டாயம் எழும்பி நிற்க வேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீங்கள் விசுக்கென்று எழும்பி, எங்கள் இரண்டு பேரின் காலரையும் பிடித்துத் தூக்கினீர்கள். நாங்கள் மூவரும் கை கட்டித் தலை குனிந்து நிற்க, பின்னாலிருந்த ஜெர்மன்காரர்கள் "உட்கார், உட்கார்!" என்று கத்தினார்கள். "இவங்களுக்குச் சட்டம் தெரியாது" என்றீர்கள்.

அந்த மண்டபம் முழுவதும் பரோனைப் பார்த்து "ரவுஸ்! ரவுஸ்!" என்று கத்தியது. வெளியே போ என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் நாங்கள் முதலில் படித்த சொற்களில் அதுவும் ஒன்று. நீங்கள் என் காதருகே குனிந்து, "இவ்வளவு பேரும் போ போ எண்டு கத்துறாங்கள், பார். அந்தாள் போகேல்லை. நிக்குது" என்றீர்கள். அதன் பிறகு கும்பெலின் ஒவ்வோர் அடிக்கும் உங்கள் முகம்தான் சுளித்தது.

கடைசியில் கும்பெல் பரோனை விழுத்தி மேலே படுத்துவிட்டார். இரண்டு தோளும் தரையில் இருக்க ரிங்ரிக்டர் மூன்று எண்ணினால் தோல்வி. அதற்குள் ஒரு தோள் எழும்பினால் ஆட்டம் தொடரும். மூன்று எண்ணியாயிற்று, மணி அடித்தாயிற்று. நீங்களோ, இரண்டிலேயே தோள் எழும்பிவிட்டது, என் கண்ணால் கண்டேன் என்றீர்கள். தியாகு அண்ணை மூன்றுதான் என்றார். நான் அந்த நேரம் பொம்மஸ் வாங்கும் வரிசையில் நின்றேன். சாட்சிக்கு உதவாதவன் என்று இரண்டு பேரிடமும் சாகும்வரை திட்டு வாங்கப் பிறந்தவன் நான்.

நீங்கள் அதோடு விட்டீர்களா? கயிற்றுக்கு அருகே போய், வெளியேறிக்கொண்டிருந்த ரிங்ரிக்டரை மறித்து, உங்களுக்குப் பிழையில்லாமல் வரும் ஒரேயொரு ஜெர்மன் வசனத்தைச் சொன்னீர்கள். "நான் இந்த முடிவுக்கு விடர்ஷ்ப்ருக் செய்கிறேன்." அந்த மனிதன் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழுத்துப்பட்டியைக் கண்டு பயந்தோ என்னவோ, கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் உங்கள் வழக்கு தள்ளுபடியானது. தியாகு அண்ணைக்கு முதல் தரத்திலேயே விசா கிடைத்தது. அன்றிலிருந்து அவர் "ரிக்டர் சொன்னால் சொன்னதுதான்" என்பார், நீங்கள் "ரிக்டருக்கும் கண் பிழைக்கும்" என்பீர்கள். பரோனைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். உங்கள் மேன்முறையீடு வென்று, அக்காவும் வந்து, பிள்ளையும் பிறந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் இந்தச் சண்டைதான். மகள் வானதி வளர்ந்து "அப்பா, அதெல்லாம் நடிப்பு" என்று ஒருநாள் சொன்னாள். "நீ பிறக்க முன்னம் நடந்தது உனக்கென்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தீர்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தியாகு அண்ணையும் உங்கள் கட்சி.

அந்தச் சண்டை வானதியின் கலியாணத்தில் முற்றியது. வரவேற்பு மண்டபத்தின் நடுவில், பட்டு வேட்டியோடு நீங்கள் பரோனாகக் கீழே படுக்க, கோட்டுப் போட்ட தியாகு அண்ணை கும்பெலாக உங்கள் மேல் படுத்து விளக்கம் கொடுத்தார். மாப்பிள்ளை பக்கத்து மாமி ஒருவர் அம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னார். வீடியோக்காரன் விடாமல் எடுத்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது தியாகு அண்ணை வாய் தவறி, "உன்ர கேஸ் மாதிரித்தான் பரம். தோத்தாலும் தோக்கேல்லை எண்டு நிப்பாய்" என்றார். நீங்கள் எழும்பி வேட்டியைத் தட்டிவிட்டு, "இனி என்ர வாசல் மிதியாதை" என்றீர்கள். அந்த மாரியிலேயே உங்களுக்கு வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில் படுத்தீர்கள். செத்தவீட்டன்று தியாகு அண்ணை தகனசாலைக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் குளிரில் நின்றார். உள்ளே வரவில்லை, நீங்கள் வரச்சொல்லவில்லையே.

திவசத்துக்கு அவரைக் கூப்பிடவேண்டும் என்று நான் அக்காவிடம் கேட்டேன். உங்கள் பெண்சாதி என்ன சொன்னார் தெரியுமா? "வரட்டும். ஆனா வாசல்ல நிண்டு ரண்டு எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கு வரட்டும்." நான் போய்ச் சொன்னேன். தியாகு அண்ணை, "செத்தவனுக்காகவும் பொய் சொல்ல என்னால ஏலாது. மூண்டை ரண்டு எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கதவைச் சாத்தினார். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பிடி சோறு சாப்பிட இந்த ஜெர்மனியிலேயே அவரைவிட உரிமையுள்ளவர் யார்? அவர் வராமல் போய்விடுவாரோ என்று எனக்கு நித்திரை இல்லை.

இனித்தான் கேளுங்கள். நான் இப்போது நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றி இறக்கும் வாகனம் ஓட்டுகிறேன். திவசத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு புது ஆளை ஏற்றப் போனேன். வாசலிலேயே சட்டம் போட்ட பெரிய சுவரொட்டி, அதில் ஒற்றைக் கண்ணாடி, கறுப்புச் சால்வை. பக்கத்தில் ஊன்றுகோலோடு அதே மூக்கு. பரோனேதான், அத்தான். வாகனத்தில் ஏற்றியதும் சொன்னேன்: "நீங்கள் கும்பெலிடம் தோற்ற அன்று என் அத்தான் இரவெல்லாம் சாப்பிடவில்லை."

"அத்தானா?" என்று கிழவர் சிரித்தார். "என் மச்சானும் அன்று அங்கேதான் இருந்தான். என் மேல் படுத்திருந்தானே, அவன்தான்."

கும்பெல் பரோனின் சொந்தத் தங்கையைக் கட்டியவராம். இரண்டு பேரும் ஒரே காரில்தான் ஊர் ஊராகப் போவார்களாம். சனம் காணாமல் இருக்க மண்டபத்துக்கு ஒரு தெரு தள்ளிப் பரோனை இறக்கிவிட்டுத்தான் கும்பெல் உள்ளே வருவாராம். நான் வெட்கத்தை விட்டு இரண்டா மூன்றா என்று கேட்டேன். "மூன்று. பின்னேரமே பேசி வைத்தது" என்றார். அடுத்த சந்தியில் திரும்பும்போது அவராகவே, "ஆனால் இடுப்பு நரம்பு இழுத்து என் தோள் இரண்டிலேயே எழும்பிவிட்டது. ரிங்ரிக்டர் காணாதமாதிரி எண்ணி முடித்தான். நல்லகாலம், ஒருவரும் பார்க்கவில்லை" என்றார்.

"ஒருவர் பார்த்தார்" என்றேன்.

தோள் எழும்பியது உண்மைதான், அத்தான். உங்கள் கண் பிழைக்கவில்லை. இதை உங்களுக்குச் சொல்ல ஓடிவர வேண்டும்போல் இருந்தது. நீங்கள் இல்லை என்பது சிவப்பு விளக்கில் வாகனத்தை நிறுத்தியபோதுதான் நினைவுக்கு வந்தது. கிழவர் பின்னாலிருந்து கடதாசிக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார்.

நேரே தியாகு அண்ணையிடம் போனேன். "பேசி வச்சதோ?" என்று சோபாவில் குந்தினார். "விசர்க்கதை. அந்தாளுக்கு வயசு போட்டுது, ஞாபகம் பிசகுது." தேநீரைக் கலக்கிக் கலக்கி ஆறவிட்டார். பிறகு, "தோள் எழும்பினதாமோ?" என்றார்.

"ஓம் அண்ணை. ஆனா எண்ணினது மூண்டுதானாம். நீங்களும் பிழையில்லை."

"நான் அவன்ர கேஸை இழுத்திருக்கக் கூடாது" என்றார். திவசத்துக்கு வாறதோ இல்லையோ என்று சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஐயர் போய், இலை போடும் நேரம் மணி அடித்தது. நாலு மாடி ஏறி வந்து தியாகு அண்ணை வாசலுக்கு வெளியே நிற்கிறார். அக்கா உள்ளே கை கட்டி நிற்கிறார். மூன்று என்று பரோனே சொன்னது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ரண்டு, தங்கச்சி" என்றார். "ரண்டுதான்."

அக்காவின் முகம் உடைந்தது. "பொய் சொல்லாதேங்கோ அண்ணை. அது மூண்டு. ஆசுப்பத்திரியில படுத்திருக்கேக்க அவரே என்னட்டைச் சொன்னவர், மூண்டுதான் மலர் எண்டு."

"அப்ப என்னத்துக்கு என்னைச் சொல்லச் சொன்னனீர்?"

"ஒருக்காலாவது அவரை வெல்ல விடுங்கோவன் எண்டுதான்."

தியாகு அண்ணை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "மூண்டு எண்டு தெரிஞ்சும் எனக்கு ஒரு போன் எடுக்கேல்லையே அவன்?"

"எடுக்கச் சொன்னனான். மாட்டன் எண்டிட்டார். மூண்டு எண்டு சொல்லிப்போட்டால் பிறகு என்னத்துக்கு அவன் சண்டைக்கு வரப்போறான் எண்டவர். நீங்கள் வருவியள் எண்டு கடைசிமட்டும் கதவைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர்."

தியாகு அண்ணை ஒரு சப்பாத்தைக் கழற்றியபடியே படியில் குந்தி அழுதார், அத்தான். வாய்விட்டு அழுதார். மேல்மாடி ஜெர்மன் கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்தினாள். நானும் அழுதேன்.

பிறகு உள்ளே வந்து சாப்பிட்டார். இரண்டு தரம் சோறு, மூன்று தரம் பாயாசம். வயிறு நிறைந்ததும், "எண்டாலும் தோள் எழும்பினது எழும்பினதுதான். அது ரண்டு" என்று தொடங்கினார். இனி யார் என்ன சொன்னாலும் மாறமாட்டாராம். பரோனை நேரில் கண்டு விடர்ஷ்ப்ருக் கொடுக்க வேண்டும், என்னுடைய வாகனத்தில் இடம் இருக்கோ என்றும் கேட்டார். எல்லாரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். வீட்டில் ஒரு எதிர்ச்சொல் இல்லை. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்படி ஒரு தனிமையை நான் ஒரு முகத்திலும் கண்டதில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கட்சிக்கு இப்போது ஆள் இருக்கிறது. மற்றக் கட்சிக்குத்தான் ஒருவரும் இல்லை. இனி ஒவ்வொரு ஞாயிறும் தியாகு அண்ணை வீட்டுக்குப் போவேன். அவர் இரண்டு என்பார். அவர் இருக்கும்வரை நான் மேசையில் அடித்துச் சொல்வேன், மூன்று, மூன்று, மூன்று என்று.

எதிர்க்கட்சிக்குப் போய்விட்ட
உங்கள் அன்பு மச்சான்,
ரவி