ஆறாயிரம் என்று டப்பாவில் போட்டிருந்தது

ஆகஸ்ட் 19, 2025, செவ்வாய்

இன்றைக்கும் அஸ்ஃபியா எனக்கு முன்னால் முடித்துவிட்டாள்.

வீரவநல்லூர் கல்யாணம் எனக்கு, சேரன்மகாதேவி கல்யாணம் அவளுக்கு. இரண்டும் ஒரே நாளில் வந்த வீடியோக்கள். வெட்டி முடித்ததை ஒரே வீடியோவாக்கும் ரெண்டர் பட்டை என் திரையில் பாதி கூடத் தாண்டவில்லை. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

முதலாளி பலவேசம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்னம்மா ஜெர்லின், இன்னுமா ஓடுது? அஸ்ஃபியா முடிச்சு டீயும் குடிச்சாச்சுல்லா."

ஒன்பது வருடமாக இந்த ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறேன். பாளையங்கோட்டையில் பாதிக் கல்யாணம் என் கை வழியாகப் போனதுதான். அவள் மேலப்பாளையத்திலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. போன மாதம் அண்ணாச்சி இரண்டு பேருக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். பிறகு எப்படி?

பொறாமை இல்லை. வேகத்தைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அண்ணாச்சியிடம் கேட்டே விட்டேன். மெமரி போதவில்லை, இன்னும் இரண்டு ரேம் வேண்டும் என்று. அவர் முணுமுணுத்தார். "அந்தப் பிள்ள உள்ளத வச்சுத்தானே செய்யுதா" என்றார். நான் விடவில்லை. பெரிய பெரிய வீடியோவெல்லாம் எனக்குத்தான் வருகிறது என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

சாயங்காலமே ஜங்ஷன் கடையிலிருந்து வந்துவிட்டது. ஏற்கெனவே உள்ள அதே ரகம். டப்பாவில் பெரிய எழுத்தில் வேகம் 6000 என்று போட்டிருந்தது. இப்போது எனக்கு நாலு ரேம், அவளுக்கு இரண்டு.

மாட்டும்போது அஸ்ஃபியா பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, நாலு போடணுமா? முதல்ல உள்ளத..."

"எனக்குத் தெரியும்மா" என்றேன். போய்விட்டாள். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

முன்னைவிட மெதுவாக ஓடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

மத்தியானம் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி பக்கத்தில் வேகம் என்று ஒரு வரி இருக்கும், இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. 3600. டப்பாவில் 6000, உள்ளே 3600!

அஸ்ஃபியா தொழப் போயிருந்தாள். அவள் இடத்தில் உட்கார்ந்து அதே பக்கத்தைத் திறந்தேன். 6000.

அப்படியென்றால் அவளுக்கு நல்லது, எனக்கு மட்டம். ஒன்பது வருடம் உழைத்ததற்கு இதுதானா?

நேராக அண்ணாச்சியிடம் போனேன். "எனக்கு மட்டும் மட்டமானத வாங்கிட்டு வந்திருக்கீங்க. அவளுக்குன்னா நல்லதா பாத்து வாங்குதீங்க." கத்தியே விட்டேன் போல. வெளியே ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒண்ணா குடுன்னுதான் கடைக்காரன்ட்ட சொன்னேன். நீ என்ன பேச்சு பேசுத?"

என் வீட்டுக்காரர் ஜெய்சன் வேலை பார்க்கும் கப்பலிலிருந்து கூப்பிட்டபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏட்டி, உனக்கு மெமரி பிரச்சனை இல்ல, அந்தப் பிள்ளதான் பிரச்சனை" என்றார். சிரிக்கவும் செய்தார். நான் போனை வைத்துவிட்டேன். கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு எல்லாம் சொல்லலாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கத்தியது அஸ்ஃபியாவின் காதுக்குப் போயிருக்கிறது. இன்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு யாரும் தனியா வாங்கித் தரல. இந்த ரேம் எல்லாம் டப்பால போட்ட வேகத்துல தானா ஓடாது. மதர்போர்டு பயந்து பயந்து கம்மி வேகத்துலதான் ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் போடும்போதே உள்ள போயி ஒரு செட்டிங்க மாத்தணும். அண்ணாச்சி வாங்கிட்டு வந்த அன்னைக்கே நான் மாத்திட்டேன்."

"என்ட்ட சொல்லலியே நீ?"

"சொன்னேனே அக்கா. நீங்க போன்ல இருந்தீங்க. அப்புறம் பாப்போம்னீங்க."

சொல்லியிருப்பாள். அவள் சொல்வது எதையும் நான் முழுதாகக் கேட்டதில்லை என்பது எனக்கே தெரியும்.

"நான் மாத்தித் தரட்டா?"

வேண்டாம் என்றேன். அவள் கை வைத்து என் கம்ப்யூட்டர் ஓட வேண்டாம்.

செப்டம்பர் 3, புதன்

நானே மாற்றினேன். மாற்றியதும் திரை கறுத்துப் போய்விட்டது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. பயந்து சுவிட்சை அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி கறுப்பு. மாதாவே என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததில்தான் திரை வந்தது. புது வேகத்துக்குப் பழக அதற்கு நேரம் வேண்டுமாம். நான் குறுக்கே குறுக்கே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

6000!

திரையை அவள் பக்கம் திருப்பினேன். "சூப்பர் அக்கா" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சமாவது முகம் வாட வேண்டாமா?

செப்டம்பர் 4, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

குலசேகரன்பட்டினத்துக்காரர்களுக்கு இன்று சாயங்காலம் கல்யாண வீடியோ கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு நாளைக்கு மஸ்கட்டுக்கு விமானம். ரெண்டர் முக்கால்வாசி போனதும் நீலத்திரை. அடித்துப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. திரும்பவும் போட்டேன். பாதியில் நின்றது. மூன்றாவது தடவை அந்த வேலையைத் திறக்கவே முடியவில்லை. கோப்பு கெட்டுவிட்டது.

அழுதுட்டேன். ஸ்டூடியோவுல வச்சு, எல்லாரு முன்னாலயும். எனக்கு இது தேவையா? நல்லா ஓடிட்டு இருந்தத நானே கெடுத்துட்டு...

அஸ்ஃபியா பையை மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாளைக்கு மிலாது நபி, வீட்டில் வேலை கிடக்கும். பையை இறக்கி வைத்தாள். என் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டி, அதில் தானாகச் சேமித்திருந்த பழைய பிரதியைத் தேடி எடுத்தாள். கடைசிப் பாட்டு மட்டும் விட்டுப்போயிருந்தது. "எங்க வெட்டணும்னு நீங்க சொல்லுங்கக்கா, நான் போடுதேன்" என்றாள். சொன்னேன். போட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா வந்து வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ள இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். வெட்டியது முழுக்க நான். ஒரு பாட்டுத்தான் அவள்.

நன்றி சொன்னேனா? இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

அவளுக்கு விடுமுறை. அண்ணாச்சி ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் போய்விட்டார். நான் மட்டும்தான்.

புதிதாக வாங்கியதில் ஒன்று கோளாறு என்று முடிவு கட்டியிருந்தேன். எது என்று கண்டுபிடித்து அந்தக் கடைக்காரன் முகத்தில் எறிய வேண்டும். அதனால் புது இரண்டையும் கழற்றிவிட்டுப் பழைய இரண்டில் மட்டும் ஓட்டினேன். 6000 காட்டியது. பெரிய வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டேன். நிற்காமல் முடிந்தது. சரி, புதியதுதான் கோளாறு. உறுதி செய்துகொள்ளப் பழையதை எடுத்துவிட்டுப் புதிய இரண்டை மாட்டினேன்.

அதுவும் 6000. அதுவும் நிற்காமல் முடிந்தது.

நாலையும் சேர்த்துப் போட்டால் மட்டும் நீலத்திரை.

ஒன்றிலும் கோளாறு இல்லை. நாலை ஒன்றாகச் சேர்த்து அந்த வேகத்தில் ஓட்ட இந்த போர்டால் முடியவில்லை, அவ்வளவுதான். முதலில் இருந்தபடியே விட்டு, அந்த ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தால் என்றைக்கோ சரியாகியிருக்கும். அவளைவிட அதிகம் வேண்டும் என்று நான் கேட்டு வாங்கிய இரண்டுதான் என்னைப் பின்னால் இழுத்திருக்கிறது. "நாலு போடணுமா" என்று அவள் கேட்டதற்கு மீதி வாக்கியம் இதுதானோ?

இரண்டைத் துடைத்து டப்பாவில் போட்டு வைத்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது. ஸ்டூடியோவில் காட்டுவதற்கு யாரும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

டப்பாவை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். "வேணும்னு சண்ட போட்டதும் நீ, வேண்டாம்னு தாரதும் நீ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்று இரண்டு பேரும் சம அளவு வீடியோவை ஒன்றாக ரெண்டர் போட்டோம். ஒன்றாகவே முடிந்தது. அதே கம்ப்யூட்டர், அதே மெமரி, அதே வேகம்.

ஆனாலும் வேலையை அவள்தான் முதலில் முடித்திருந்தாள்.

இனி எதைக் குறை சொல்வேன்? அவள் வேலை செய்வதை இன்று முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன். வந்த வீடியோ முழுவதையும் முதலில் ஒன்றையும் தொடாமல் பார்க்கிறாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போன மாதிரி. அதற்குப் பிறகுதான் வெட்டத் தொடங்குகிறாள். ஒரு தடவை வெட்டினால் திரும்பி வருவதில்லை. நான் முதல் நிமிடத்திலிருந்தே வெட்டுவேன். பிறகு பத்துத் தடவை மாற்றுவேன்.

ரேமின் வித்தியாசம் ஒரு டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். இது தீராது.

செப்டம்பர் 29, திங்கள்

தம்பி அலெக்ஸின் கல்யாணம் போன புதன்கிழமை உவரியில் நல்லபடியாக முடிந்தது. அந்த வீடியோவை நானே எடிட் செய்வதாக அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இரண்டு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். யாரை விட்டால் யார் கோபிப்பார்கள் என்றே மனம் ஓடுகிறது. சித்தியின் மாமியார் வீட்டுக்காரர்கள் மட்டும் நீண்டுகொண்டே போகிறார்கள். ஒன்றும் சேரவில்லை.

மத்தியானம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் போய் அஸ்ஃபியாவின் மேசையில் வைத்தேன்.

"இத நீ செய்."

"அக்கா, உங்க தம்பி கல்யாணம்லா?"

"அதான் சொல்லுதேன். நீ செய்."

அன்றைக்குச் சொல்லாத நன்றியையும் சேர்த்துச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ உளறினேன். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நன்றாக வந்துவிடக் கூடாது என்று கூட ஒரு நிமிடம் நினைத்தேன். எழுதத்தானே இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் உவரி வீட்டில் கூடினோம். டிவியில் வீடியோவைப் போட்டேன்.

தாலி கட்டும் இடத்தில் அவள் பாட்டே போடவில்லை. கோயில் சத்தத்தை அப்படியே விட்டிருக்கிறாள். யாரோ இருமுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, தூரத்தில் கடல் இரைகிறது. அம்மா அலெக்ஸின் சட்டைக் காலரைச் சரி செய்யக் கை நீட்டிவிட்டு, பங்குச் சாமியார் பார்ப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொள்கிறாள். நானாக இருந்தால் கட்டாயம் வெட்டியிருப்பேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

முடிந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். "பாத்தீயளா, எம் மவ செஞ்சத? ஒன்பது வருசமாச் செய்யுதால்லா, கை அப்படி."

சும்மா இருந்திருக்கலாம். அஸ்ஃபியாவுக்குத் தெரியப் போவதில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பார்வை எத்தனை சுகமாக இருந்தது!

"நான் இல்லம்மா. அஸ்ஃபியான்னு எங்க ஸ்டூடியோப் பிள்ள. அவதான் செஞ்சா."

சித்தி சாரம்மாள் உடனே கேட்டாள்: "அப்போ உனக்கு என்னட்டி வேல அங்கன?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைய ஒரு நாள் இங்க கூட்டிட்டு வா. மீன் ஆக்கிப் போடுதேன்" என்றாள். பிறகு ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இன்னொருக்கா போடு" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அஸ்ஃபியாவுக்குச் செய்தி அனுப்பினேன். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, இரண்டு தடவை பார்த்தாள் என்று.

மூன்று தடவை பார்த்தாள். அந்த ஒரு தடவையை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.