செல்லூர் அணிக்குக் கோல்கீப்பர் இல்லை

ஷார்ஜா,
12.5.1999

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கையில் சின்னச் சிராய்ப்பு, பயப்பட வேண்டாம். போன் பூத் கதவை ஓங்கிக் குத்திவிட்டேன்.

சீசன் முடிந்ததும் நம் செல்லூர் ஹாக்கி அணி கோல்கீப்பர் ஜாபரை அனுப்பிவிட்டதாம். செயலாளர் ஹரிராம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அவன் ஒருத்தன்தானண்ணே உருப்படியா ஆடுனான்?"

"புதுசா மூணு பார்வர்டு எடுத்திருக்கோம்ல மாப்ள."

"கோலுக்கு யாருண்ணே?"

"பாத்துக்கலாம்."

அதற்குத்தான் குத்தினேன்.

இந்த வருஷமும் தேறாது அப்பா. இருந்தாலும் ஆட்டத்துக்குப் போங்கள். எத்தனை கோல் வாங்கினாலும் விடாமல் எழுதுங்கள். இங்கே அறையில் யாருக்கும் ஹாக்கி தெரியாது.

வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது. தோற்கிறார்களே என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

உங்கள் மகன்,
அழகுபாண்டி