வால் மட்டும் விழுந்த படங்கள்

மார்ச் 4

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய படங்கள் வந்தன. கடலுக்கு அடியில் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தவை என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். ஒரு குறை சொன்னால் கோபிக்காதே. எல்லா மீனும் உனக்கு வாலைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. தையல்காரி கேட்கிறாள்: "என்னக்கா, ஊசி போட வந்த டாக்டரைப் பாத்த மாதிரி ஓடுதுங்க?"

உன் குட்டி நலம். என்னைத்தான் அம்மா என்கிறாள். திருத்தினால் அழுகிறாள், விட்டுவிட்டேன். நீ எப்போது வருவாய்?

அம்மா


மார்ச் 19

அன்புள்ள அம்மா,

மூச்சைப் பிடிக்கவே கூடாது அம்மா, முதுகில் சிலிண்டர் இருக்கிறது. தையல்கடை அக்கா சொன்னதையேதான் எங்கள் டைவிங் மாஸ்டரும் சொல்லித் திட்டினார்: "துரத்தாதே. துரத்தினா வால்தான் கிடைக்கும். அசையாம இரு. உன்னைப் பாறைன்னு நெனச்சு அதுவே பக்கத்துல வரும்." காலை ஆட்டாமல் ஒரே மட்டத்தில் மிதக்கப் பழகுகிறேன். விளக்கை நேராக அடித்தால் தண்ணீரில் உள்ள தூசெல்லாம் படத்தில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. பக்கவாட்டில் வைக்க வேண்டுமாம்.

நல்ல படங்கள் கொடுத்தால் வேலை நிரந்தரம். தங்க அறையும் தருவார்கள். குட்டியை என்னோடு வைத்துக்கொள்வேன். ஜூனில் லீவு.

உன் மகள்


மே 30

அன்பு மகளுக்கு,

புதுப் படம் பார்த்தேன். அந்த மீன் என்னையே பார்க்கிறது. அப்படியொரு முகம்! அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன்.

மாஸ்டர் சொன்னதை இங்கேயும் செய். வந்ததும் குட்டியை வாரித் தூக்காதே. பொம்மையைக் காட்டிக் கூப்பிடாதே. சும்மா உட்கார்ந்திரு. அவளே வருவாள்.

அம்மா


ஜூன் 16

அம்மா,

விடியுமுன் சொல்லாமல் கிளம்பியதற்கு மன்னித்துவிடு. என் செருப்பைத் தேடிப் பார்த்தேன், காணோம். உன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ சொன்னபடி பாறையாகத்தான் இருந்தேன். நேற்று அவளே வந்தாள். என் முழங்காலில் கை வைத்து, "ஆன்ட்டி, நீங்க எப்போ போவீங்க?" என்றாள்.

அவள் உன் பிள்ளையாகவே இருக்கட்டும் அம்மா. அறை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். என் சின்னக் கேமரா மேஜைமேல் இருக்கிறது. அவளுக்குத்தான்.

உன் மகள்


ஆகஸ்ட் 2

என் கண்ணே,

முன்பு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபத்தில் பிரிக்காமல் வைத்திருந்தாலும் இதையாவது படி.

நீ கிளம்பிய அன்று குட்டி தூங்கவில்லை. கேட் சத்தம் கேட்டதும் கேமராவை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினாள். ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன், இதோடு இருக்கிறது. உன் பின்னல், தோள்பை, பாதி வண்டி. எல்லாம் ஆடிப்போய் விழுந்திருக்கிறது. "முகம் ஏன் வரல?" என்று கேட்டாள்.

உன் செருப்பு அவள் தலையணைக்கு அடியில் கிடைத்தது. "எதுக்குடி ஒளிச்சு வெச்சே?" என்றேன். "ஆன்ட்டி போகக் கூடாதுன்னு" என்றாள். எப்போது போவீர்கள் என்று கேட்டது அதற்குத்தான். உன்னை அனுப்ப அல்ல.

தப்பு என்னுடையது. மீனுக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் சொன்னேன்.

செருப்பைத் தினமும் துடைத்து வாசலில் வைக்கிறாள். அதன் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

அம்மா