அணைக்குக் கீழே ஒரு வீடு

பைன் ஃபோர்க், வயோமிங்
ஏப்ரல் 3, 1969

அன்புள்ள வெர்னா,

வீடு நம்முடையதாகிவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓடை. பத்திரச் செலவு, வக்கீல் பீஸ், வில்லங்கம் பார்த்த கூலி எல்லாம் என் கையிலிருந்து போயிற்று. கவலைப்படாதே, என்னை இங்கே இடமாற்றம் செய்த அரசாங்கமே புதுச் சட்டப்படி அதைத் திருப்பித் தரும். பதிலுக்கு ஒரு வருஷம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலதிகாரி ஹாலோவே முதுகில் தட்டி, "அணை இன்ஜினியரே அணைக்குக் கீழ வீடு வாங்கிட்டார்! இனிமே எவன் பயப்படுவான்?" என்று சிரித்தார்.

நம் குட்டிப் பெண் ஜோடிக்கு முத்தம்.
உன் ஆர்வில்

ஹேஸ்டிங்ஸ், நெப்ராஸ்கா
ஏப்ரல் 12

அன்புள்ள ஆர்வில்,

ஒரு வருஷத்துக்கு உன்னை அடகு வைத்துவிட்டாயா? என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? போகட்டும். இங்கே நம் பழைய வீட்டை வாங்குகிறவர்கள் ஜூனில் குடிவருகிறார்கள். ஓடையில் தவளை உண்டா என்று உன் மகள் கேட்கிறாள். அங்கே வீடு ஏன் இவ்வளவு மலிவு என்று நான் கேட்கிறேன்.

வெர்னா

மே 9

வெர்னா,

அணையின் அடிவாரத்தில் நீர் கசிகிறது. தெளிவாக வந்தவரை நான் அஞ்சவில்லை. இந்த வாரம் கலங்கி வருகிறது. உள்ளேயிருக்கும் மண்ணை நீர் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

ஹாலோவேயிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "உன் வீட்டுச் செலவு பைல் என் மேசையிலதான் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டாத்தான் பணம். வாயை மூடிட்டு இரு" என்றார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னைக் காட்டித்தான் ஊரில் வீடுகளை விற்கிறார்கள் வெர்னா. 'இன்ஜினியரே வாங்கியிருக்கார்' என்று நம்பி இரண்டு குடும்பங்கள் என் தெருவுக்கு வந்துவிட்டன.

ஜோடியை இங்கே கூட்டி வராதே.

ஆர்வில்

மே 15

ஆர்வில்,

வேலையை விட்டுவிட்டு இன்றே கிளம்பு. பத்திரச் செலவு போனால் போகட்டும். என் அண்ணன் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. நீ வந்தால் போதும்.

வெர்னா

மே 21

கண்ணே,

ராஜினாமா கொடுத்துவிட்டேன். ஆனால் உடனே கிளம்ப முடியவில்லை. மலையில் பனி வேகமாக உருகுகிறது, நீர்மட்டம் ஏறுகிறது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறேன். எதிர்வீட்டுத் திருமதி பிக்ஸ்பி, "அவ்வளவு ஆபத்துன்னா நீங்க எதுக்குய்யா இங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள். புதிதாக வந்தவர்களில் ஒரு குடும்பம் மூட்டை கட்டிவிட்டது. இன்னொன்று சிரிக்கிறது. அவர்களையும் கிளப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பேன்.

உன் ஆர்வில்

மே 27

அன்புள்ள ஆர்வில்,

ஞாயிறு போய்விட்டது. ஜோடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இன்று உன் அலுவலகத்திலிருந்து காசோலை வந்தது. பத்திரச் செலவு முழுவதும், ஹாலோவேயின் கையெழுத்தோடு. நீதான் வேலையை விட்டுவிட்டாயே, எதற்கு அனுப்பினார்கள்? உன் வாயை மூடவா? உள்ளே ஒரு வரிகூட இல்லை.

உன் வீட்டில் போன் இல்லாததால் பைன் ஃபோர்க் தபால் நிலையத்துக்கு லைன் கேட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி கேட்டேன். எக்ஸ்சேஞ்ச் பெண்ணிடம், "அங்க மழையா?" என்றேன். அவள் மெதுவாக, "காலையிலேருந்து எல்லாரும் அந்த ஊரைத்தாம்மா கேக்கறாங்க" என்றாள்.

இதைக் கண்டவுடன் எழுது.

வெர்னா