கிழித்த கடிதத்தின் முதல் சொல்

உங்கள் தகரப் பெட்டியைத் திறந்ததும் பழைய காகிதத்தோடு வேப்பிலை வாடையும் வந்தது. நீங்கள் காலமான பின் உங்கள் மகள் கேட்டுக்கொண்டபடி, மூன்று வாரமாக அதிலுள்ளவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பட்டியல் எழுதுகிறேன். தறிநூல் வியாபாரக் கடிதங்கள் ஒரு கட்டு. ஜில்லா போர்டு மெம்பராகச் சாலைக்கும் கிணற்றுக்கும் நீங்கள் போட்ட மனுக்கள் ஒரு கட்டு. பாதிக்கு மேல் கடைக் கணக்குப்பிள்ளையான என் கையெழுத்து. நீங்கள் சொல்ல நான் எழுதியவை.

மூன்றாவது கட்டு உங்கள் தம்பியுடையது. தேர்தலில் உங்களை எதிர்த்து நின்று தோற்று, கெங்கவல்லிக்குக் குடிபோன பிறகு அவர் எழுதியவை எல்லாம் ‘மெம்பர் அவர்கள் சமூகத்துக்கு’ என்றே தொடங்கும். “பாத்தீங்களா சாமி, கூடப்பொறந்தவன் எனக்கு மனுப் போடறான்” என்று சிரிப்பீர்கள். பிறகு அதை நீங்களே மடித்துப் பெட்டியில் வைப்பீர்கள்.

அவருடைய கடைசிக் கடிதம் அந்தக் கட்டில் இல்லை.

அன்று காலை ஜலகண்டாபுரத்துக் கடையில், வழக்கம்போல் முதலில் உறைகளைப் பிரித்து, தாள்களை விரித்துக் கையில் அடுக்கிக்கொண்டேன். கார்டுகளைக் கடைசியில்தான் எடுப்பேன். ஒன்றின் மூலையில் கறுப்பு மை. உங்கள் தம்பி இறந்த செய்தி. படித்துக் காட்டினேன். சாவுக் கடிதம் உள்ளே தங்கக்கூடாதென்று, வாசலுக்கு ஓடி அதைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். கார்டோடு சேர்ந்திருந்த ஒரு தாளும் கிழிந்துபோனது. தண்ணீரில் போன துண்டில் உங்கள் தம்பியின் சாய்ந்த கையெழுத்தைக் கண்ட பிறகுதான் தெரிந்தது, சாவதற்கு முன் அவரே எழுதிப் போட்டது என்று.

மெம்பருக்கு அங்கே என்ன வேலை, காரியத்துக்குப் போவதில்லை என்று நீங்கள் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் செய்ததைச் சொன்னேன். நீங்கள் திட்டவில்லை.

“மொதல்ல என்னன்னு போட்டிருந்தான்? மெம்பர்னா?”

“அண்ணனுக்குன்னு போட்டிருந்துதுங்க.”

“அப்பப் பொறப்படுங்க. பஸ்ஸு இன்னும் போயிருக்காது.”

காரியம் முடிந்து, தம்பி மனைவியையும் மகனையும் கூட்டி வந்தீர்கள். இன்று உங்கள் கடை அந்த மகனின் கையில். தன் அப்பா மனம் மாறி எழுதிய கடிதம் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்ததால், அதைத்தான் இப்போது அவர் கேட்கிறார்.

‘அண்ணனுக்கு’ என்ற அந்தச் சொல்லை நான் பார்த்தேனா? தாளை விரிக்கும்போது கண்ணில் பட்டது என்று சில நாள் உறுதியாகத் தோன்றும். நீங்கள் போகவேண்டுமே என்ற தவிப்பில் தானாக வாயில் வந்தது என்று சில நாள் தோன்றும். நீங்கள் இருந்தவரை இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்று, ‘கடைசிக் கடிதம்: தவறுதலாகக் கிழித்தவன் நான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் மகளிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “அப்பாகிட்டச் சொன்ன அந்த மொத வார்த்தையையாச்சும் எழுதி வெய்ங்க. சித்தப்பா பையன் படிச்சுக்கட்டும்” என்றார்.

எழுதினேன். பட்டியல் முழுவதிலும் நான் சரிபார்க்காமல் எழுதிய சொல் அது ஒன்றுதான்.