பதினோரு அடி தூரத்துக்கு மின்சாரம் கேட்டு ஐந்தாவது மனு

அனுப்புநர்:
பேருந்து இருக்கை தைக்கும் கடையின் உரிமையாளர்,
பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
தலைமை மின் அதிகாரி அவர்கள்,
மின் அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: என் கணவருக்காக அறையாக மாற்றப்பட்ட டிரெய்லர் வண்டியின் மீது ஒட்டப்பட்டுள்ள சிவப்புச் சீட்டைச் சோதனை செய்து நீக்கவும், கடை முற்றத்துக் கம்பத்திலிருந்து மின்சாரம் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்த எனது நான்கு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவில் நடந்ததை விரிவாக எழுதியிருந்தேன். நீளம் அதிகம் என்றார்கள். இரண்டாவதைச் சுருக்கி எழுதினேன், விவரம் போதாது என்றார்கள். மூன்றாவது கீழ்த்தளத்தில் இருப்பதாகவும், நான்காவது இரண்டாம் மாடியில் இருப்பதாகவும் தெரிகிறது. இதைத் தங்கள் கையில் நேரில் கொடுப்பதென்று முடிவு செய்து எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு ரொட்டிக் கடையில் கழித்துப்போட்ட சிறிய டிரெய்லரை வாங்கி வந்தார். அதற்குள் படுக்கை, ஜன்னல், சின்ன மேசை எல்லாம் அமைத்து, காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்பது அவர் எண்ணம். “இத்தனை வருஷம் மத்தவங்க சொன்ன எடத்துல நிறுத்தினேன். இனிமே எனக்குத் தோணுற எடத்துல நிறுத்தணும்” என்பார். நான் படுக்கைக்கு மெத்தையும் ஜன்னலுக்குத் திரையும் தைத்தேன். எவ்வளவு துடைத்தாலும் வண்டிக்குள் ரொட்டி வாசனை போகவில்லை. நாங்கள் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

2. வண்டி பாதி முடிந்திருந்தபோது அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது தெரியவந்தது. இப்போது காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் மின் கருவி ஒன்றின் குழாய் நாள் முழுவதும் அவர் மூக்கில் இருக்க வேண்டும். எங்கள் வீடு மூன்றாம் மாடியில், ஐம்பத்து நான்கு படி, லிஃப்ட் கிடையாது. மருத்துவமனைக்கு என்று கடைசியாக இறங்கியவரை டாக்டர் மறுபடி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் நாலு மாதமாக அவர் என் தையல் கடையின் மூலையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்.

3. தையல் கடை எப்படி இருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இருபது வருட ஃபோம் தூளும் நூல் பஞ்சும் சுவரிலும் கூரையிலும் ஊறிப்போயிருக்கின்றன. தையல் மிஷினை முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே போட்டுக்கொண்டேன். மழை வந்தால் வேலை நின்றுவிடும். ஆனாலும் கருவியின் வடிகட்டியை ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவினால் மூன்று முறையும் சாம்பல் நிறத் தண்ணீர்தான் வருகிறது. அதே காற்றைத்தான் அவரும் இழுக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே கழுவுகிறேன். முற்றத்தில் பதினோரு அடி தூரத்தில் அந்த டிரெய்லர் நிற்கிறது. சுத்தமாக, காற்றோட்டமாக, ஒரே ஒரு படியோடு, எல்லா வேலையும் முடிந்து நிற்கிறது. மின்சாரம் மட்டும் இல்லை.

4. முற்றம் வாடகை இடம் என்பதால் அங்கே சுவர் எழுப்ப அனுமதி இல்லை. சக்கரத்தின் மேல் நிற்கும் அறைக்கு நில உரிமையாளரின் ஆட்சேபம் எதுவும் இல்லை. அவர் கைப்பட எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்துள்ளேன்.

5. வண்டிக்கு எந்த மாதிரி மின் இணைப்பு வைப்பது என்பதை அவசரப்பட்டு நாங்கள் முடிவு செய்யவில்லை. கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே காகிதத்தில் கணக்குப் போட்டார்: மூச்சுக் கருவி நானூறு வாட்ஸ், விசிறி அறுபது, விளக்கு பத்து, வெந்நீர்க் கெட்டில் ஆயிரத்து ஐந்நூறு. எல்லாம் சேர்ந்து ஓடினாலும் ஒன்பது ஆம்பியர்தான் வருகிறது. பதினாறு ஆம்பியர் இணைப்பு தாராளம் என்றார். மின்சாமான் கடைக்காரர் முப்பத்திரண்டு ஆம்பியரைத் தலையில் கட்டப் பார்த்தார். “பெருசாவே போட்டுக்கோங்க சார், பிற்காலத்துல ஏ.சி. வைக்கலாம்” என்றார். என் கணவர், “பிற்காலத்துக்கு நான் கேரண்டி இல்லப்பா, பதினாறே குடு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததற்கு அரை மணி நேரம் மூச்சு வாங்கியது.

6. தவறு நடந்தது இதற்குப் பிறகுதான். அதை மறைக்காமல் எழுதுகிறேன். வேலையைச் செய்தவர் என் கொழுந்தன். இருபத்தைந்து வருடமாக வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர், வேலை சுத்தமாக இருக்கும். வீட்டுச் சுவரில் மின்சாரம் சுவரிலிருந்து வெளியே வரும். அதற்குத் துளை வைத்த சாக்கெட் மாட்டுவார்கள். வண்டியின் சுவரிலோ மின்சாரம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். பழக்க தோஷம், அவர் வண்டிக்கும் வீட்டுச் சாக்கெட்டையே மாட்டிவிட்டார். அதனால் இரண்டு முனையிலும் பிளக்கின் உலோகப் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேபிள் தேவைப்பட்டது. அதையும் அவரே செய்தார். கடையில் ஒரு முனையைச் செருகியதும் மறுமுனைப் பின்கள் வெறுமனே மின்சாரத்தோடு தொங்கும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே உறைத்தது. அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். பேருந்து இருக்கைக்குத் தைக்கும் தடித்த ரெக்சினில் அந்தப் பின்களுக்கு ஓர் உறை தைத்து, அழுத்துப் பொத்தானும் வைத்துக் கொடுத்தேன். இரட்டைத் தையல் போட்டேன். இனிப் பயமில்லை என்று நானே சொன்னேன்.

7. முதல் நாள் பார்க்க எல்லோரும் முற்றத்தில் நின்றோம். கொழுந்தன் கடையில் செருகிவிட்டு வந்து, உறையைக் கழற்றி, வண்டியில் மாட்டப் போனார். விரல் அந்தப் பின்களில் பட்டுவிட்டது. படியில் விழுந்தார். இரண்டு விரல் வெந்துபோயின. இன்றும் அவரால் ஸ்க்ரூ டிரைவரை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் “விடுங்க அண்ணி, என் தப்புதான்” என்கிறார். உறை தைத்தது நான்.

8. கொழுந்தனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனை தந்த தகவலின் பேரில் தங்கள் அலுவலகத்தின் அப்போதைய ஆய்வாளர் வந்து பார்த்தார். அந்த உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தையல் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கரண்டுக்குத் தையல் தெரியாதும்மா” என்று சொல்லி, வண்டியின் மேல் மின்சாரம் தரத் தடை என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினார். கோபப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதையும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. அந்தச் சீட்டைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

9. அவர் எழுதிக் கொடுத்தபடியே எல்லாம் மாற்றியாகிவிட்டது. வண்டியின் சுவரில் இப்போது மூடியுள்ள உள்வாங்கும் பெட்டி இருக்கிறது. பின்கள் அதற்குள் பதுங்கியிருக்கின்றன. கேபிளின் அந்த முனையில் துளைகள்தான் உள்ளன, எதுவும் வெளியே நீட்டிக்கொண்டு இல்லை. மூன்று கம்பி ரப்பர் கேபிள். வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறது. கசிவு இருந்தால் தானே விழும் சுவிட்ச் உள்ளே உண்டு. முற்றத்தில் தனிக் கம்பம் நட்டு, மழை படாத சாக்கெட் வைத்திருக்கிறோம். இம்முறை வேலையைச் செய்தவர் உரிமம் பெற்ற வேறொருவர். கொழுந்தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருகையும் பார்த்தார்.

10. இனித் தங்கள் அலுவலகத்தில் நடப்பதைத் தெரிவிக்கிறேன். கீழ்த்தளத்து இணைப்புப் பிரிவில், சிவப்புச் சீட்டு கோப்பில் இருக்கும்வரை கம்பத்துக்கு மின்சாரம் தர விதி இல்லை என்கிறார்கள். இரண்டாம் மாடியில் உள்ள ஆய்வுப் பிரிவில், மின்சாரம் ஓடும்போது சோதிக்காமல் சீட்டை எடுக்க விதி இல்லை என்கிறார்கள். இரண்டும் விதிதான், இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். நடுவில் முப்பத்தாறு படிகள். பதினேழு முறை ஏறி இறங்கியிருக்கிறேன். சீட்டு ஒட்டிய ஆய்வாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரைக் கேட்டால், “நான் ஒட்டாததை நான் எப்படிம்மா எடுக்கறது?” என்கிறார். களைத்துப்போய்ப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். துப்புரவு செய்யும் அம்மா என்னைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவார். இப்போதெல்லாம் அவரே “இன்னிக்கு மேலயா, கீழயா?” என்று கேட்கிறார்.

11. இதற்கு ஒரு சுலபமான வழி இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். தங்கள் அலுவலக வாயிற்காவலரும் என் மேல் இரக்கப்பட்டு, “கடையிலேர்ந்து ஒரு ஒயரை இழுத்து விட்டுட்டுப் போங்கக்கா, யார் வந்து பார்க்கப் போறாங்க?” என்றார். சீட்டைக் கிழிக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் குறுக்கு வழியை இந்தக் கையால் ஒருமுறை தைத்துப் பார்த்துவிட்டேன், ஐயா. அதன் பலனை இன்னொருவர் விரலில் தினமும் பார்க்கிறேன். அந்த வண்டிக்குள் படுக்கப்போகிறவர் என் கணவர். இரும்புப் பெட்டி, ஈரத் தரை, எழுந்து ஓட முடியாத மனிதர். முறைப்படி சோதிக்காத மின்சாரத்தில் அவரைப் படுக்க வைக்க எனக்குத் துணிவு இல்லை. சீட்டின் ஒரு மூலை வெயிலில் தானாகவே பிரிந்துகொண்டிருக்கிறது. அதை நான் பசை வைத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

12. போன வாரம் டாக்டர் வந்து பார்த்தார். கருவியின் அளவை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றிவிட்டு, கடையை ஒரு சுற்று பார்த்தார். வெளியே வந்து என்னிடம், “இந்த எடத்துல அவரை இன்னும் எத்தனை நாள் வெச்சிருக்கப் போறீங்க?” என்று கேட்டார். அதைத் தங்கள் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணவர் கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் வண்டி தெரிகிறது. முன்பு சாலை வரைபடம் வைத்துக்கொண்டிருந்தவர், இப்போது அந்தப் பதினோரு அடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

13. ஆகவே தாங்கள் இரு பிரிவுக்கும் மேலானவர் என்ற முறையில், இணைப்புப் பிரிவிலிருந்து ஒருவரும் ஆய்வுப் பிரிவிலிருந்து ஒருவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் என் கடை முற்றத்துக்கு வரும்படி உத்தரவிட வேண்டுகிறேன். ஒருவர் மின்சாரம் கொடுக்கட்டும், மற்றவர் அப்போதே சோதிக்கட்டும். சரியில்லை என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிடட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பழைய ஆய்வாளரின் குறிப்பு, புதிய வேலைக்கான சான்று, டாக்டர் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நடுவில் வெட்டப்பட்ட அந்த இருமுனைக் கேபிளையும் ரெக்சின் உறையையும் தனிப் பையில் வைத்துள்ளேன். அவற்றைத் திருப்பித் தர வேண்டாம்.

14. கடைசியாக ஒன்று. வண்டியில் வழக்கமாக ஓடப்போகும் கருவியை ஓடவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்று படிவத்தில் உள்ளது. அந்தக் கருவி எங்களிடம் ஒன்றுதான் உண்டு, அது அவர் மூக்கில் இருக்கிறது. சோதனைக்காக அதைக் கடையில் பிடுங்கி, பதினோரு அடி தள்ளிக்கொண்டு போய் வண்டியில் மாட்ட வேண்டும். அதுவரை அவருக்கு ஒரு சிறிய சிலிண்டர் இருக்கிறது. அது நாற்பது நிமிடம் வரும். ஆகவே வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிவிக்கவும், சொன்ன நேரத்துக்கே வரவும், நான் கருவியைப் பிடுங்கிய பிறகு சோதனை முடியும்வரை தங்கள் ஊழியர்கள் தேநீருக்கோ வேறு வேலைக்கோ நகராமல் இருக்கவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பணிமனைக்குப் பின்தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை, வடிகட்டி கழுவிய பின்

இப்படிக்குத் தங்கள் பதிலுக்குக் கடை வாசலில் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பேருந்து இருக்கை தைப்பவர்